மூன்று விரற்கடை

நாலாவது கருவியும் தோற்றது.
பீச் கிளை பாதி வெட்டுப்பட்டு, பாதி நசுங்கி,
பல்லில் சிக்கிய நார்போல அலகில் தொங்குகிறது.
ரெகுலா பென்சிலைத் தேடுகிறாள்.
அது அவள் காதில் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

உலைக்கு வேண்டியது மூன்று விரற்கடைத் துண்டு.
நீண்டால் தோளோடு தோள் கோத்து
கூம்பின் கழுத்தில் பாலம் கட்டிவிடும்,
கீழே நெருப்பு பட்டினி.
குறுகினால் தூள் படிந்து மூச்சடைக்கும்.
யாருடைய விரல் என்றாள் முதல் நாள்.
அவளுக்கு மூன்று, எனக்கு நாலு.
குழாய்த் துண்டொன்றை அறுத்து
அதுதான் இனி விரல் என்று தீர்த்தோம்.

மின்வாள் இருக்கிறதே என்பார்கள்.
அறுப்புக்கு நாலு மில்லிமீட்டர் தூளாகும்,
பத்துத் துண்டுக்கு ஒரு துண்டு தரைக்கு.
போதாததற்கு லாங்னாவில் ஞாயிறு சத்தம் கூடாது;
சீஸ் ஆலை எனக்கு விடுவதோ ஞாயிறு மட்டும்.

லாரி வில்தகட்டில் அலகு, ஒரு மீட்டர் கைப்பிடி.
அவள் எண்பது கிலோவுக்குக் கிளை பணிந்தது.
நான் ஐம்பத்திரண்டையும் தொங்கவிட்டேன்,
ஈரத்துணி மாதிரி ஆடினேன்.
கைப்பிடியை நீட்டினோம், உத்தரத்தில் இடித்தது.
அலகைச் சரித்தோம், கிளை வழுக்கி
அவள் முழங்காலைக் கேட்டது.
அவள் ஜெர்மனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

போன கிழமைப் புயலில் முறிந்த கொப்பொன்று
வாசலை மறித்துக் கிடந்தது.
வழிவிடத்தான் வெட்டினேன், அதே நாலாவது கருவியால்,
ஒற்றைக் கையால்.
பயற்றங்காய் நறுக்குகிற சத்தம்.

இரண்டு வருடம் காயவைத்த விறகோடு
இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம்.
பசுமரத்தாணி என்று பரீட்சைக்கு எழுதி
மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.
ரெகுலாவுக்கு அதை மொழிபெயர்த்தேன்.
உயிரோடிருக்கும் மரத்தில் ஏன் ஆணி அடித்தீர்கள்
என்று கேட்டாள்.

இப்போது உத்தரத்தில் வெங்காய வலைப்பைகள்,
பதினேழு, பச்சைத் துண்டுகளோடு.
ஒவ்வொரு ஞாயிறும் தராசில் தூக்கி
குறைந்த கிராமைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதுகிறோம்.
மூன்றாவது பை மட்டும் இந்த வாரம்
நாற்பது கிராம் கூடியிருக்கிறது.
கூரையில் எங்கே ஒழுகுகிறதென்று
ஏணியில் நின்று தடவிப் பார்க்கிறேன்.
விளக்கைப் பிடி என்கிறாள் கீழிருந்து.
பாட்டரி விளக்குத்தான், இன்னும்.