ஐந்துக்கு எத்தனை

கோல கெட்டில் கிளினிக்கில்
சர்க்கரை பார்க்கக் காத்திருந்த புதன்கிழமை
பல்கலைக்கழகத்துப் பெண்ணொருத்தி
ஏழு பக்கத் தாளோடு வந்தாள்.
அறுபது தாண்டியவர்களின் அன்றாடம் பற்றியாம்.
பேனா இலவசம்.

பெயர்? அமராவதி, காளிமுத்து மகள்.
எழும் நேரம்? நாலரை.
ஏன் அவ்வளவு சீக்கிரம்?
பெரட்டுக்கு.
எழுதப் போனவளைத் தடுத்தேன்.
பெரட்டு நின்று பத்தொன்பது வருஷம்.
பால்மரம் செம்பனையாகி
செம்பனை வீடமைப்பாகி
பெரட்டுக் களத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.
உடம்புக்கு யாரும் கடிதம் கொடுக்கவில்லை.
அது இன்னும் போய் நிற்கிறது.

பிறகு?
கோப்பி கலக்குவேன், நிறம் பார்த்து.
களைமருந்து அடித்த இருபத்தாறு வருஷத்தில்
எந்த நிரையிலோ மூக்கைத் தொலைத்துவிட்டேன்.
மல்லியும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்று.
இதற்குத் தாளில் கட்டமில்லை.
'இதர' என்ற கோட்டில் ஒடுக்கி எழுதினாள்.

பிறகு ஏ சோம் வருவாள்.
பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள் அவளும்,
பாலிங் சாலை சயாம்காரி, எழுபத்தாறு வயது,
மடியில் பிளாஸ்டிக் பையில் மூன்று வாழைப்பழம்.
விடியலில் பிக்குகளுக்குச் சோறு போட்ட கையோடு
எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள்.
திடலை மூன்று சுற்று நடப்போம்.
அவள் மலாய் பாதி, என் மலாய் பாதி,
கூட்டினாலும் ஒன்று வராது.
அதனால் பெரும்பாலும் நடப்போம்.

சனிக்கிழமை நாலு நம்பர் எடுப்போம்,
சேர்ந்து ஒரு வெள்ளி.
இது பழக்கமா, பொழுதுபோக்கா என்று கேட்டாள்.
வேலை, என்றாள் ஏ சோம்.

கடைசிப் பக்கம்.
வாழ்க்கையில் புவாஸ் ஹாத்தியா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.

வயிறு நிறைந்தால் ஏப்பம் வரும்.
மனசு நிறைந்தால் என்ன வரும்?
மகன் ஜொகூரில்.
மாதம் தவறாமல் பணம் வருகிறது,
குரல்தான் முன்னே பின்னே.
முட்டி மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது.
வீட்டுப் பத்திரம் அடுத்த மாதம், அடுத்த மாதம்.
ஆனால் நேற்றுச் சுட்ட நெத்திலிக்கு
ருசி இருந்தது, சத்தியமாக.
மூன்று, என்றேன்,
சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி.

ஏ சோமிடம் திரும்பினாள்.
சபாய், என்றாள் அவள்.
நம்பர் வேண்டும், மாக்சிக்.
சிரித்து, வலது கையை அகல விரித்துக் காட்டினாள்.
பெண் எண்ணிப் பார்த்து
நான்கு என்று போட்டாள்.

எனக்குத் தெரியும்.
அந்தச் சுண்டுவிரலை எடுத்தது ஷீட் மிஷின்.
அவளுக்குப் பதினேழு வயது.
பால்கட்டியோடு உருளைக்குள் போய்விட்டது.
அன்றைக்கு ஒரு ஷீட் சிவப்பாக வந்ததாம்,
கங்காணி அதையும் நிறுத்துத்தான் போட்டானாம்.
அவள் கைக்கு முழுசென்றால் நாலுதான்.
சொல்ல வாயெடுத்தேன்,
நர்ஸ் என் நம்பரைக் கூப்பிட்டாள்.
பதினொன்று புள்ளி இரண்டு.
நல்ல திட்டு.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்,
நாலா சொன்னாய், அஞ்சா?
பழத்தை உரித்து ஒரு கடி கடித்து
மிஷினைக் கேள், என்றாள்.
மிஷின் பழைய இரும்பாக லாரியேறி
முப்பது வருஷம் இருக்கும்.

சனிக்கிழமை
மூன்று நாலு, மூன்று அஞ்சு என்று எழுதிக் கொடுத்தேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.
ஆறுதல் பரிசில் விழுந்தது
மூன்று நாலு நாலு அஞ்சு.

மறுநாள் திடலில் ஏ சோம்
சீட்டை வெயிலுக்குக் காட்டிக் காட்டிப் பார்த்தாள்.
ரெண்டாவது தரமாவது
உன் மூன்றை ஒரு படி ஏற்றியிருக்கக்கூடாதா,
கஞ்சப் பிசினாறி,
அப்படி என்ன குறைந்துபோச்சு உனக்கு?

மூன்று சுற்றில் அவள் திட்டு முடியவில்லை.
நாலாவதும் நடக்க வேண்டியதாயிற்று.