உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி

சனவரி பிறந்துவிட்டால்
மரீன் வீதி அலுவலகத்தில்
சொல்தாக்களின் வரிசை தெருவரை நீளும்.
ஒவ்வொருவரும் தான் சாகவில்லை என்பதை
என் மேசைக்கு முன்னால் நிரூபிக்க வேண்டும்.
பிரெஞ்சுக்காரன் பென்ஷன் சும்மா வருமா?

லெயோன் சவரிநாதன் வந்து நின்றால் மட்டும்
முத்திரையைத் தூக்கிய கை
அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும்.
முந்தின ஞாயிறுதான்
முத்தியால்பேட்டைக் கொட்டகையில்
அவரைத் தூக்கில் போட்டிருப்பார்கள்.

சைகோனில் ஏழு வருஷம் துப்பாக்கி சுமந்தவருக்கு
உடம்பில் ஒரு கீறல் கிடையாது.
சாவெல்லாம் கோடம்பாக்கத்தில்.
விழுப்புரத்தில் ரயில் மாறிப் போவார்,
செத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்புவார்.
சாவுக்கு எழுபத்தைந்து ரூபாய்,
கிணற்றில் விழுந்தால் பத்து கூட.

ஜமீன் கணக்கப்பிள்ளை.
கைதிக்குச் சாவி கொடுத்து மாட்டிக்கொள்ளும் வார்டர்.
நாயகியின் பிறப்பு ரகசியம் அறிந்த ஒரே டாக்டர்.
"உண்மை தெரிஞ்சவன்
இடைவேளையைத் தாண்டறதில்ல, மிசியே" என்பார்.

படத்தில் எழுத்து ஓடும்போது தேடுவேன்.
நாயகன், நாயகி, நாயகியின் தோழி,
தோழியின் நாய்க்குக்கூடப் பெயர் போட்டார்கள் ஒருமுறை.
கடைசியில் 'மற்றும் பலர்'.
அந்தப் பலரில் ஒருவர்
எனக்கு நாலணா பாக்கி.

எப்படித்தான் சாகிறீர்கள் என்று கேட்டேன்.
பாரத்தில் கையெழுத்துப் போட்டபடி சொன்னார்:
"குண்டடிபட்ட காரைக்கால் பையன் ஒருத்தன்,
கையில தகரக் குவளை.
டீ சிந்தாம அதைத் தரையில வெச்சான்.
அப்புறந்தான் செத்தான்."

அதன்பிறகு கவனித்துப் பார்த்தேன்.
வார்டர் சாவிக்கொத்தை ஓசைப்படாமல் வைத்தார்.
கணக்கப்பிள்ளை பேனாவுக்கு மூடி போட்டார்.
கொட்டகை விசிலடித்தது,
வில்லனின் சிரிப்புக்கு.

அறுபத்தெட்டில் அவர் வரவில்லை.
கறுப்புச் சேலையில் பிலோமினம்மாள் வந்தார்.
இனி விதவைப் பங்கு அவருக்கு,
வருஷாவருஷம் அத்தாட்சியும் அவரே தரவேண்டும்.

"கண்ணாடியைக் கழட்டினார்,
காம்பை மடிச்சு ஜன்னல் கட்டையில வெச்சார்.
ஏதோ படத்துக்குப் பழகறார்னு
நான் கொத்தமல்லி ஆய்ஞ்சிட்டிருந்தேன்."

பெயர், பிறந்த தேதி, விலாசம்.
எழுதிக்கொண்டிருந்தபோது மெல்லக் குனிந்தார்:
"உங்களை ஒண்ணு கேக்கணும்.
அவர் செத்ததும் நான் எழுந்து வந்துடுவேன்.
எந்தப் படத்திலயும்.
வெளியே கலர் சோடா குடிச்சிட்டு
நேரே வீட்டுக்குத்தான்.
முப்பத்தேழு படம்,
ஒண்ணுக்கும் முடிவு தெரியாது.
அந்தச் சாவி வாங்கிட்டு ஓடின பையன்,
அவன் தப்பிச்சானா?"

பேனாவை வைத்தேன்.
மூடி போட்டுத்தான் வைத்தேன்.
நதியையும், பொய்ச் சாட்சியையும், கோர்ட்டு காட்சியையும்
அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.
பாதியில் சிரித்தார், ஒரு இடத்தில் அதட்டினார்.
"சரி, அந்த டாக்டர் படம்?"

"வரிசை நிக்குது, மதாம்.
அது அடுத்த சனவரிக்கு."

உயிரோடு இருக்கிறார் என்று குத்தினேன்.
சேலைத் தலைப்பில் காகிதத்தை முடிந்துகொண்டு
அவர் படியிறங்கினார்.

பின்னால் நின்ற ஒற்றைக்கை சொல்தா
தன் பாரத்தை நீட்டவேயில்லை.
"மிசியே, என்ன ஆச்சு,
பையன் தப்பிச்சானா இல்லையா?"