நாலாம் தூக்கம்

குவைத்துக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில்
மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்க நாலே முக்கால் மணி நேரம்.
தர்ஷிகா பள்ளிக்கூட அட்லஸில் அடிக்கோல் வைத்து
எட்டரை சென்டிமீட்டர் என்று முடித்துவிட்டாள்.

அவளுக்குத் தீராத கணக்கு வேறு:
அம்மா போனபோது நாலரைக்கு ஏறி
ஆறே முக்காலுக்கு இறங்கினாள்.
வரும்போது ஆறரைக்கு ஏறி
ஒன்றே முக்காலுக்கு இறங்குகிறாள்.
போக இரண்டேகால், வர ஏழேகால்.
"வர்றதுக்கு மட்டும் ஏம்ப்பா இவ்ளோ நேரம்?"
ஊருக்கு ஊர் கடிகாரம் வேறென்று சொல்லிப் பார்த்தேன்.
"அப்போ அந்த அஞ்சு மணி நேரம் யார்கிட்ட இருக்கு?"
நான் மல்பெரித் தழை அறுக்கப் போய்விட்டேன்.

என் கணக்கு புழுவோடு.
மாரண்டஹள்ளிக்கு இளம்புழு வந்திறங்கி எட்டாம் நாள்
நாலாவது முறையாகத் தலையைத் தூக்கியபடி தூங்கும்.
ஒரு பகல், ஓர் இரவு தழை கேட்காது.
அந்த இரவில்தான் நான் கொட்டகையை விட்டு நகர முடியும்.
டிக்கெட் தேதியிலிருந்து விரல் மடக்கிப்
பின்னோக்கி எண்ணிப் புழு வாங்கினேன்.
எங்கள் கல்யாணத்துக்குக்கூட
இவ்வளவு நாள் பார்க்கவில்லை.

கோவிந்தப்பா வண்டி.
ராயக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி,
பிறகு நகரவே நகராத சிவப்பு விளக்குகள்.
"இது என்ன இடம்?"
"சில்க் போர்டு" என்றான்.
பட்டுப்புழு வளர்க்கிறவன்
பட்டு வாரியத்து வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன்,
கூடு என்ன விலை போகுதென்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
ஒன்பது மணிக்கு ரத்தினாவின் செய்தி:
"ஏறிட்டேன். பெல்ட் போடச் சொல்றாங்க."
கொஞ்ச நேரத்தில் கோவிந்தப்பாவின் செல்போனில்
கடுகளவு மஞ்சள் விமானம்
கடலுக்கு வந்துவிட்டது.
நாங்கள் இன்னும் அதே பஸ்ஸின்
முதுகைப் படித்துக்கொண்டிருந்தோம்.

விமானம் பத்து நிமிடம் முந்தியே இறங்கியது.
பெட்டிக்குத்தான் ஐம்பது நிமிடம்.
மூன்று வருடம் கழித்து எதிரே வருகிறவளிடம்
என்ன செய்வதென்று தெரியாமல்
தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டேன்.
இளைத்திருந்தாள். அதை அவளே
என்னைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பும்போது சில்க் போர்டில்
ஒரு நாய் மட்டும் குறுக்கே போனது.
ஓசூர் தாண்டியதும்
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"எந்திரிச்சிருக்குமா?"
புழுவையா, பிள்ளையையா?
"இன்னும் இருக்காது" என்றேன்,
எதற்கு வேண்டுமானாலும் பொருந்தட்டும்.

அவள் மணிக்கட்டில் மணி இரண்டு.
வண்டியில் நாலரை.
மாற்றி வைக்கச் சொல்லவில்லை,
முப்பது நாள் லீவுதான்.
ஜன்னலை இறக்கிவிட்டேன்.
கொட்டகையில் ஈரச் சாக்குக்கு அடியில்
ஆறு மணிக்கான தழை இருக்கிறது,
ஏழுக்கு மேலே தாங்காது.
கோவிந்தப்பா, கொஞ்சம் வேகமாகத்தான் போயேன்.