நாற்பத்தோராம் எண்

பகாவ் தமிழ்ப்பள்ளி கேண்டீன்.
பசியாறி முடிந்த மேசையைத் துடைத்து
விளக்கைப் பொருத்துகிறேன்.
ஆய்வுக்கு இது ஆறாம் மாதம்.
ஈறில் ரத்தம் கசிந்தால் ஒன்று,
கசியாவிட்டால் சுழியம்.
கம்பி தொடும்போது பிள்ளைகள்
கூரைத் தகடுகளை எண்ணுகிறார்கள்.

நாற்பத்தோராம் எண், தர்மினி.
போன தடவை வாயெல்லாம் மிலோ வாசம்.
முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டி
"அடுத்த வாட்டி இருக்காது மிஸ்ஸி,
இப்பவே எழுதிக்கோங்க" என்றாள்.

செம்பனைத் தோட்டத்தில் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து
லோரி ஏறிவிட்டார்களாம்.
கிள்ளான் என்கிறார்கள், காப்பார் என்கிறார்கள்.

வராதவருக்கு ஒன்பது என்கிறது கையேடு.
இருபத்து நாலு கட்டம். வரிசையாக ஒன்பது.
அந்த முன்பல்லில் மட்டும் பேனா தயங்கியது:
விழுந்திருக்கும், எனக்குத் தெரியும்.
அங்கேயும் ஒன்பதே போட்டேன்.

நாற்பத்திரண்டு.
ஆ காட்டு, தம்பி.