தட்டினால் திற

கெமி நகரம், மரக்கூழ் ஆலை.
மைனஸ் இருபத்தேழு.
எடைமேடை முன்னால் பதினொரு லாரிகள்
இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன.
அணைத்தால் மறுபடி உயிர் வராது.

உள்ளே ரைலி குர்த்திலா
தரவுத்தளம் கண்விழிக்கக் காத்திருக்கிறாள்.
சேமிப்புப் பகுதிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அத்தனையும் திறந்தால்தான் அது எழும்:
நேற்று வந்த பைன் தடியின் எடை கிடக்கும் பகுதியும்
தொண்ணூற்று நான்கில் இழுத்து மூடிய
பட்டை உரிக்கும் பிரிவின் கணக்கும்
ஒரே வரிசை, ஒரே மரியாதை.

இருநூற்று ஆறில் நின்றுபோனது.
ஒரு வட்டு பேசவில்லை.
ஓர் அறையின் பூட்டு இறுகியதற்கு
ஊர் முழுக்கக் கதவடைப்பு.

"அதற்குள் என்னதான் இருக்கு?"
தொலைபேசியில் ஓட்டுநர் யோர்மா.
"பழைய சம்பளப் பிடித்தம்."
"என் பைனுக்கு அது மாமனா மச்சானா?"

ரைலி ஒரு வரியை மாற்றினாள்:
தொடக்கத்தில் திறக்க வேண்டாம்,
யாராவது கேட்கும்போது திற.
மாற்றப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
லாரிகள், என்று மட்டும் எழுதினாள்.

நான்கு நொடி.
முதல் லாரி மேடையேறியது.
வட்டைப் பிறகு பார்க்கலாம்.

பிறகு என்பது
மே மாதம் ஆற்றில் பனி உடையும்வரை நீண்டது.
ஓய்வூதியப் பிரிவின் ஐரி பலோசாரி
யாரோ ஒருவரின் மூன்று வருடப் பிடித்தம் தேடி
இருநூற்று ஆறைத் தட்டினாள்.
திறக்க இயலவில்லை.

முன்பெல்லாம் அது
காலையிலேயே கத்திக் கூப்பாடு போட்டிருக்கும்.
வாயைக் கட்டியது நான்தானே,
என்றாள் ரைலி, திரையிடம்.

காப்பு நாடாவைத் தேட இரண்டு நாள்.
நாடாவில் ஒரு வருடம் இல்லை.
ஐரி அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்,
கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாற்றிய வரியை ரைலி திரும்ப மாற்றவில்லை.
லாரிகள் இன்னும் வருகின்றன.
ஆனால் இரவு மூன்று மணிக்கு
அவள் எழுதிய சின்ன நிரல் ஒன்று
எவரையும் காக்க வைக்காமல்
கதவு கதவாய்ப் போய்
ஒருமுறை தட்டுகிறது,
இருக்கீங்களா?

இன்று காலை அறிக்கையில்
பதில் சொன்னவை: முந்நூற்றுப் பதினொன்று.
காபியை மேசையிலேயே விட்டு
கோட்டை மாட்டுகிறாள்.