ஐந்து மில்லிமீற்றர்

கஸ்தூரியார் வீதியில்
சீனிபோல நிறுத்துத் தருகிறார்கள்.
பையில் பேனையால் "ஒக்சாலிக்" என்று எழுதி
அதன்மேல் ஒரு பெருக்கல் அடையாளம்.
நக்கிப் பார்க்காதே என்பதற்கு அவ்வளவுதான் எச்சரிக்கை.

கோண்டாவிலில் என் பட்டறை.
கறள் பிடித்த றிம், பெடல், மணியின் மூடி
எல்லாம் நீலப் பரலுக்குள் இறங்கும்.
ஓர் இரவு போதும்.
விடியத் தண்ணீர் பச்சை கலந்த மஞ்சள்,
இரும்பு பிறந்த மேனியாய்க் கிடக்கும்.

கிணற்றுத் தண்ணீர் இதற்குச் சரிவராது.
முதல் வருஷமே கண்டுகொண்டேன்:
மருந்தைப் போட்டவுடன் வாளி பால்போலத் திரளும்,
அடியில் வெள்ளை மண்டி,
கறள் கறளாகவே இருக்கும்.
எங்கள் காலடியில் சுண்ணாம்புக்கல்.
கிணறு தான் குடித்ததைத்தான் தரும்.
ஆகவே ஐப்பசியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து
பங்குனி மட்டும் இழுப்பேன்.

சைக்கிளுக்கு மழைத் தண்ணீர்.
எனக்குக் கிணற்றுத் தண்ணீர்.

வைகாசியில் ஒரு மத்தியானம்
இடது விலாவுக்குக் கீழே
யாரோ சாவி போட்டுச் சில்லுக் கம்பியை இறுக்கினார்கள்.
ஓட்டோவில் போகையில்
குழிக்கு ஒரு தெய்வமாய்க் கூப்பிட்டேன்.
ஸ்கான் எடுத்த பிள்ளை திரையில்
ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டினாள்.
"அஞ்சு மில்லிமீற்றர், அங்கிள்."

டொக்டர் நிலாமதி சாப்பாடு கேட்டா.
பசளி, முளைக்கீரை, சேம்பங்கிழங்கு,
நாளுக்கு ஆறு பிளேன்ரீ.
தண்ணீர்?
மறந்துபோகும்.
தொழில்?
சொன்னேன். பேனையை வைத்துவிட்டா.

"அதே அமிலம்தான் கீரைக்குள்ளையும் இருக்கு."

கையுறை கிழிந்த நாட்களை எல்லாம்
மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
"உங்கட பரலில இருந்து வரேல்லை.
இலை தானாச் செய்யுது.
சேம்பு அதை ஊசி ஊசியாக் கட்டி வைச்சிருக்கு,
கடிக்க வாறவைக்கு."

சுகந்தினிக்கு இந்த ஊசியைத் தெரியும், பெயர்தான் தெரியாது.
கையில் நல்லெண்ணெய் பூசாமல் சேம்பு வெட்டமாட்டாள்,
பழப்புளி விடாமல் இறக்கமாட்டாள்.
பிலிம்பிக்காயை நசித்துக் குத்துவிளக்கைத் தேய்க்கிறவளும் அவள்தான்.
ஒரே வீட்டில் ஒரே புளிப்போடு
இரண்டு பட்டறை நடத்தியிருக்கிறோம்,
ஒருவரையொருவர் கேட்காமல்.

இலையிலிருந்து ஒன்று.
கிணற்றிலிருந்து மற்றது.
இருட்டில், எனக்குள், சந்தித்திருக்கின்றன.
பதினொரு வருஷமாய் வாளி
இதைத்தான் எனக்குச் செய்து காட்டியது.
நான் வெள்ளை மண்டியை வேலியோரம் கொட்டி
வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"கீரையை விடவேண்டாம். தயிரோட சாப்பிடுங்கோ.
ரெண்டும் வயித்துக்குள்ளையே சேர்ந்து
அப்பிடியே வெளியால போகட்டும்.
கிட்னியில சந்திக்கிறதுதான் பிழை."
கலியாணம் பேசுகிற மாதிரி இருந்தது:
பொருத்தம் எல்லாம் சரி, மண்டபம்தான் மாறிப்போச்சு.

நெருஞ்சில் அவித்துக் குடித்தேன், செம்பு செம்பாய்.
பதினேழாம் நாள் விடியப்புறம்
தேத்தண்ணி வடியில் விழுந்தது.
(சுகந்தினி வேறு வடி வாங்கிவிட்டாள்.)
மண் நிறம், சுற்றிவர முள்,
அதுவும் ஒரு நெருஞ்சிக் குஞ்சு.

கறளைத் தின்னும் தண்ணீரில்
ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன்.
ஒரு முள்ளும் மழுங்கவில்லை.
தன் பிள்ளையைத் தானே தின்னுமா?

நேற்று, ஐப்பசியின் மூன்றாம் மழை.
நல்லூர்ப் பக்கம் கோப்பிக் கடை திறக்கிற பெடியன்
பழைய றலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.
ஓட அல்ல, சுவரில் தொங்கவிட.
"முழுக்கக் கழட்டிப் போடாதேங்கோ அண்ணை,
கொஞ்சக் கறள் இருக்கோணும்."
எவ்வளவு என்றேன்.
பெருவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டக் கொண்டுவந்து
ஒரு பருக்கை அளவு காட்டினான்.

அவன் போன பிறகு
மருந்து படாத புதுப் பரலில்
கூரைத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.
சைக்கிளுக்கு நான்கு வாளி.
ஒரு செம்பு மொண்டு
கொதிக்க வைத்தேன், எனக்கு.