தெரியாவிட்டால் இல்லை

டார்ட்டுவில் பனி. சமையல் மேசையில் டிரீனு
நூற்று நாற்பத்தொரு கட்டமைப்பு விசைகளை
ஒவ்வொன்றாகப் போட்டும் அணைத்தும் பார்த்தாள்.
ஒரே வேலைக்கு மூன்று பெயர்.
ஒரு பெயரில் எழுத்துப்பிழை; பதினோரு வருடமாக
எல்லோரும் பிழையோடேதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.
விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ:
"தெரியாவிட்டால் இல்லை என்று சொல்."

"பழைய கடிகாரம்" என்று ஒன்று.
அணைத்தாள். முனகலில்லாமல் கட்டி முடிந்தது.
நீக்கினாள். தூங்கப் போனாள்.

காலையில் ருஹ்னு தீவிலிருந்து கைடோ:
"இரவுப் பதிப்பை ஏற்றினேன். கடல்மட்டம் அளக்கும் பெட்டி
1970 ஜனவரி ஒன்றில் நிற்கிறது.
நான் அப்போது பிறக்கவேயில்லை."

திரும்ப வைத்தாள். அதன் கீழே ஒரு வரி எழுத
மத்தியானமாகிவிட்டது.
முதலில்: கைடோவுக்காக.
அடித்துவிட்டு: பலகையில் பழைய கடிகாரச் சில்லு இருந்தால்
ஆம் என்று சொல்.

அந்த எழுத்துப்பிழையை
அவள் தொடவில்லை.